கிணற்றுக்கு இடமில்லாத கணக்கு

ஓர் ஆலை விதியை மீறிக் கழிவுநீரை வெளியே விட்டால் அதனிடம் எவ்வளவு வசூலிப்பது? இதற்கு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2019இல் ஒரு வாய்ப்பாடு கொடுத்தது. ஐந்து எண்களைப் பெருக்க வேண்டும்: தொழிலின் மாசு எண், மீறல் நடந்த நாட்கள், ரூபாய்க்கான ஒரு எண், ஆலையின் அளவு, அது இருக்கும் இடம். சிவப்பு வகைத் தொழிலுக்கு மாசு எண் 80. ரூபாய்க்கான எண் 250. சிறிய ஆலை என்றால் அளவுக்கு 0.5. இடத்துக்கான எண்ணை அருகிலுள்ள ஊரின் மக்கள்தொகை தீர்மானிக்கிறது. 10 லட்சத்துக்குக் கீழே என்றால் 1, ஒரு கோடியைத் தாண்டினால் 2. பெருக்கிப் பார்த்தால், சிறு ஊரை ஒட்டிய சிறிய சாயப்பட்டறை ஒன்று நாளொன்றுக்கு 10,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த நிலத்தைப் பற்றியது அல்ல. எத்தனை கிணறு உப்பாயிற்று, எத்தனை ஏக்கர் கரம்பாயிற்று, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட முடிந்ததா என்று இந்த வாய்ப்பாடு கேட்பதில்லை. இடத்துக்கான எண்ணைப் பாருங்கள். பெருநகரத்தின் ஓரத்தில் விட்டால் இரண்டு மடங்கு, கிராமத்து ஓடையில் விட்டால் ஒரு மடங்கு. சாக்கடையில் கலந்த கழிவைவிட, ஆயக்கட்டுக் கிணற்றில் இறங்கிய கழிவு மலிவாகிவிடுகிறது.

நான் நொய்யல் ஆற்றங்கரையில் பிறந்தவள். ஈரோட்டில் வழக்கறிஞராக இருக்கிறேன். எங்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்க ஆரம்பித்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். முதலில் மஞ்சள் போயிற்று, பிறகு தென்னையில் குரும்பை நிற்கவில்லை. அப்பா கடைசியில் சோளத்தட்டு மட்டும் போட்டார், அதையும் மாடு முகர்ந்துவிட்டு ஒதுங்கிப்போகும். மேற்கே எந்தப் பட்டறையின் தண்ணீர் எங்கள் கிணற்றுக்கு வந்தது என்று யாராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது. அதுதான் தண்ணீர் கெட்ட வழக்குகளின் கஷ்டமே. சாயப்பட்டறை வைத்தவர்களில் பலர் எங்கள் சொந்தபந்தம். காட்டை விற்றுப் பட்டறை போட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கெட்டுப்போக வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் நினைத்ததில்லை. கெட்ட நிலத்துக்கு யார் பொறுப்பு என்பது மட்டுமே எங்கள் கேள்வி.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் முதல் பதில், மாநில அரசு உருவாக்கிய மாசு கட்டுப்பாட்டு வாரியம். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட பிறகு, 1982இல் தமிழ்நாட்டில் வாரியம் அமைந்தது. அது அரசுத் துறை அல்ல. தன் பெயரில் வழக்குப் போடவும், தன்மேல் போடப்படும் வழக்கைச் சந்திக்கவும் உரிமையுள்ள தனிச் சட்ட அமைப்பு. ஆலைக்குள் நுழையலாம், மாதிரி எடுக்கலாம், இசைவாணை கொடுக்கலாம், மறுக்கலாம், திரும்பப் பெறலாம். ஆனால் முதல் பதினான்கு ஆண்டுகள் அந்தச் சட்டத்துக்குப் பல் கிடையாது. யாராவது ஆற்றைக் கெடுக்கிறார்கள் என்று தெரிந்தாலும் வாரியம் நீதித்துறை நடுவர் முன்னால் போய்த் தடை கேட்க வேண்டும். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகுதான், 1988இல், 33ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அதன்பின் வாரியமே ஆலையை மூடச் சொல்லலாம், மின்சாரத்தையும் தண்ணீரையும் துண்டிக்கச் சொல்லலாம்.

இவ்வளவு கையில் இருந்தும் நொய்யலில் என்ன நடந்தது என்பதை மாநிலமே பார்த்தது. பாசனத்துக்கென்று கட்டி 1990களின் தொடக்கத்தில் முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவின் தேக்கமாயிற்று. அணையைத் திறந்துவிடு என்றால் கரூர்ப் பக்கத்து விவசாயி அழுதார். மூடிவை என்றால் அணையைச் சுற்றியிருந்த கிணறுகள் கெட்டன. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், வெளியே விடும் ஒவ்வொரு லிட்டர் கழிவுக்கும் 6 பைசாவில் தொடங்கிப் படிப்படியாகக் கூடும் அபராதத்தை விதித்தது. பட்டறைக்காரர்கள் உச்ச நீதிமன்றம் போய் 2009இல் தோற்றார்கள். அப்படியும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் திருப்பூர்ப் பகுதியின் சாய, சலவைப் பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூட உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே மூச்சில் நின்றன. ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்தால்தான் திறக்கலாம் என்றது நீதிமன்றம்.

அந்த நாட்களில் திருப்பூர் பேருந்து நிலையத்தில் தூக்குவாளியும் பையுமாக ஊருக்குக் கிளம்பிய தொழிலாளர்களைப் பார்த்தவர்கள், மூடுவது என்பதை எளிதாகப் பேசமாட்டார்கள். வாரியங்களின் கையில் நடைமுறையில் இருந்தவை இரண்டே வழிகள் என்பதுதான் என் நெடுநாள் குறை. ஒன்று இசைவாணை, இன்னொன்று பூட்டு. பூட்டினால் கூலிக்காரர் வயிற்றில் அடி. பூட்டாமல் விட்டால் விவசாயி வயிற்றில் அடி. நடுவில் ஒரு வழி வேண்டும். கெடுத்தவர் தொழிலையும் நடத்தட்டும், கெட்டதைத் தன் செலவில் சரியும் செய்யட்டும் என்று சொல்ல வாரியத்துக்குத் தெளிவான அதிகாரம் வேண்டும்.

உண்மையில் அதன் வித்து 1974இலேயே சட்டத்தில் இருந்தது. இசைவாணை நிபந்தனையில் சொன்ன வேலையை ஆலை செய்யாவிட்டால் வாரியமே செய்து, செலவை வட்டியோடு நிலவரிப் பாக்கியைப் போல வசூலிக்கலாம் என்கிறது 30ஆம் பிரிவு. அவசரநிலை என்றால் கழிவை அகற்றவும், கெட்டதைச் சரிசெய்யவும் வாரியத்துக்கு உரிமை தருகிறது 32ஆம் பிரிவு. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு துணிந்து நடந்திருந்தால் எத்தனையோ வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கத் தேவையில்லை என்பது என் நம்பிக்கை.

இப்போது அந்த நடுவழியை உச்ச நீதிமன்றம் அகலமாகத் திறந்திருக்கிறது. டெல்லியில் இசைவாணை வாங்காமல் எழுந்த வணிக வளாகங்களிடமும் குடியிருப்புகளிடமும் அங்குள்ள மாசு கட்டுப்பாட்டுக் குழு 2006இல் பணம் கேட்டது. அபராதம் போடுவது நீதிமன்றத்தின் வேலை, உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2012இல் சொல்லிவிட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று நீதிபதிகள் பி.எஸ். நரசிம்மாவும் மனோஜ் மிஸ்ராவும் அந்தக் கருத்தை மாற்றினார்கள். தண்டிப்பது வேறு, கெட்டதைச் சீர்செய்யப் பணம் கேட்பது வேறு. முதலாவது நீதிமன்றத்துக்கு உரியது. இரண்டாவதை நீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவின் கீழும், காற்றுச் சட்டத்தின் 31ஏ பிரிவின் கீழும் வாரியங்களே செய்யலாம். கெடுதல் நடந்த பின் குறிப்பிட்ட தொகையை வசூலிக்கலாம், நடப்பதற்கு முன்பே வங்கி உத்தரவாதமும் கேட்கலாம்.

கூடவே இரண்டு கடிவாளங்களையும் போட்டார்கள். எல்லா விதிமீறலுக்கும் பணம் கேட்க முடியாது. சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் நடந்திருக்கிறது, அல்லது நடக்கப்போகிறது என்று வாரியம் முதலில் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவது, எப்படி மதிப்பிடுவது, எப்படி விசாரிப்பது என்பதற்கு விதிகள் வகுத்த பிறகே இந்த அதிகாரத்தைப் பயன்படுத்த வேண்டும். இரண்டும் நியாயமானவை. கையில் கணக்கு இல்லாமல் பணம் கேட்கும் அதிகாரியிடம் எந்தத் தொழில்முனைவோரும் மாட்டிக்கொள்ளக் கூடாது.

எனவே இனி எல்லாம் விதிகளில் இருக்கிறது. இரண்டு வரி மாறினால் போதும், இந்த அதிகாரம் நிலத்துக்கு மருந்தாகலாம், கஜானாவுக்கு வரவாகவும் ஆகலாம்.

கெடுதல் நடந்திருக்கிறதா என்று முதலில் தீர்மானிக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. நான் மேலே சொன்ன ஐந்து எண்களிலோ கெடுதல் என்ற எண்ணே இல்லை. ஆகவே அதை அப்படியே எடுத்து விதியில் ஒட்டினால் தீர்ப்பின் கருத்துக்கே அது பொருந்தாது. நிலத்தில் இறங்கி அளக்க வேண்டும். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்பின் அளவு, மண்ணின் உப்புத்தன்மை, எத்தனை ஆழத்துக்குப் போயிருக்கிறது, எத்தனை போகம் போயிற்று, நிலத்தைக் கழுவி மீட்க எத்தனை மழைக்காலம் ஆகும் என்பவையே கணக்கின் முதல் வரிகளாக இருக்க வேண்டும். கழிவுநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு எங்கள் பக்கத்தில் ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். ‘டிடிஎஸ் எவ்வளவு?’ என்பது எங்கள் ஊர்த் தேநீர்க் கடைப் பேச்சு. அளக்கத் தெரியாத விஷயம் அல்ல இது.

அடுத்தது, விசாரணையில் யார் உட்கார்ந்திருப்பது என்பது. வாரியம் நோட்டீஸ் அனுப்புகிறது, ஆலை பதில் சொல்கிறது, வாரியம் உத்தரவு போடுகிறது. இந்த நடைமுறையில் இயற்கை நீதி ஆலைக்காரருக்கு மட்டுமே கிடைக்கிறது. தண்ணீர் கெட்டவருக்கு அந்த அறையில் நாற்காலி இல்லை. நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது ஆலைக்காரருக்கு அறிவிக்க வேண்டும், அவர் முன்னிலையில் இரண்டாகப் பிரிக்க வேண்டும், முத்திரையிட்டு இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இதில் பிசகினால் அந்தச் சோதனை முடிவு வழக்கில் செல்லாது. ஒரு வழக்கறிஞராக இந்தப் பாதுகாப்பை நான் மதிக்கிறேன். ஆனால் ராத்திரி மழை பெய்யும்போது திறந்துவிடும் தண்ணீரை விடியுமுன் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வருகிறவர் விவசாயி. அவருடைய பாட்டில் அந்தப் பிரிவின்படியான மாதிரி ஆகாது. விவசாயி புகார் கொடுத்தால் இத்தனை மணி நேரத்துக்குள் வாரியம் அவர் கிணற்றிலும் ஓடையிலும் முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும், மதிப்பீட்டு விசாரணையில் அவரையும் ஒரு தரப்பாகக் கேட்க வேண்டும் என்று விதி சொல்ல வேண்டும். இதற்கு நாடாளுமன்றம் போக வேண்டியதில்லை. நீர்ச் சட்டத்தின்படி மாநில அரசே வாரியத்தைக் கலந்து விதி வகுக்கலாம்.

பிறகு, பணம் எங்கே போகிறது என்பது. இங்கேதான் எனக்கு மிகவும் பயம், ஏனென்றால் பாலாற்றுக் கதை நம் கண்முன் இருக்கிறது. தோல் தொழிற்சாலைகளால் கெட்ட வேலூர் மாவட்டத்துக்காக உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் படிக்காதவர் கிடையாது. மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை நம் நாட்டின் சட்டமாக உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. அதன்படி இழப்பீட்டைக் கணக்கிட மத்திய அரசு தனி ஆணையத்தை அமைத்தது. அந்த ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவைச் சொன்னது. 29,000க்கும் மேற்பட்டவர்களுக்குச் சுமார் 27 கோடி ரூபாய். 2009இல் இன்னொரு முடிவு வந்தது. அந்த இரண்டு முடிவுகளின்படி இன்னும் கொடுக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள், ஆலைகளிடமிருந்து பிறகு வசூலித்துக்கொள்ளுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மாநில அரசுக்கு உத்தரவிட வேண்டியிருந்தது. இடையில் ஓடியது இருபத்துநான்கு ஆண்டுகள். அந்தப் பட்டியலில் பெயர் இருந்து, பணத்தைப் பார்க்காமலேயே போன கிழவர்களையும் கிழவிகளையும் நினைத்தால் என்னால் ஆறுதலாகப் பேச முடியவில்லை.

அதே ஆணையம் எங்கள் நொய்யல் பக்கமும் மதிப்பிட்டது. மூன்று மாவட்டக் கிராமங்களில் 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 25 கோடி ரூபாய் என்று கணக்குச் சொன்னது. தலைக்குப் பார்த்தால் 9,000 ரூபாய்கூட வராது. ஒரு போகத்துக்கான ஈடு என்றுகூட அதைச் சொல்ல முடியாது, நிலத்தை மீட்கும் செலவு என்ற பேச்சுக்கே இடமில்லை. விவசாயி கையில் கொஞ்சம் பணம் கொடுத்துவிட்டு, உப்பான மண்ணை உப்பாகவே விட்டுவிடுவதைச் சீரமைப்பு என்று நான் ஏற்கமாட்டேன்.

எப்படிச் செய்யலாம் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே முன்மாதிரி இருக்கிறது. தூத்துக்குடி தாமிர ஆலைக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் விதித்தது. அந்தத் தொகை டெல்லிக்கோ சென்னைக்கோ போகவில்லை. மாவட்ட ஆட்சியரிடம் செலுத்தி வங்கியில் வைப்பு வைக்க வேண்டும், வட்டியை ஆலையைச் சுற்றியுள்ள நீரையும் மண்ணையும் சீர்செய்யவே செலவழிக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்த ஆலையின் பிற்காலக் கதை வேறு, 2018இல் துப்பாக்கிச் சூட்டில் சிந்திய ரத்தம் வேறு. அதை இங்கே இழுக்க எனக்கு மனமில்லை. நான் எடுத்துக்கொள்வது ஒன்றைத்தான்: எந்த மண்ணுக்காகப் பணம் வாங்கினார்களோ அந்த மண்ணின் பக்கத்திலேயே பணம் இருக்க வேண்டும். ஆற்றுப்படுகைவாரியாகத் தனிக்கணக்கு வைத்து, எந்த ஆலையிடம் எவ்வளவு வாங்கினோம், எந்த ஊரில் என்ன வேலை நடந்தது என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு, எந்த வாரியம் இதைச் செய்யும் என்ற கேள்வியைத் தாண்டிப்போக முடியாது. நீர்ச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி மாநில அரசு எழுத்தில் தரும் உத்தரவுக்கு வாரியம் கட்டுப்பட வேண்டும். 4ஆம் பிரிவின்படி தலைவரை நியமிப்பதும் அரசுதான், உறுப்பினர்களை நியமிப்பதும் அரசுதான். அரசு அதிகாரிகள் ஐந்து பேர் வரை, உள்ளாட்சிகளின் சார்பில் ஐந்து பேர் வரை, அரசு நிறுவனங்கள் சார்பில் இருவர். விவசாயம், மீன்பிடி, தொழில், வணிகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து மூன்று பேருக்கு மேல் கிடையாது. அரசு நிறுவனமோ உள்ளாட்சியோ ஆற்றைக் கெடுத்தால் அதே அரசின் ஆட்கள் உட்கார்ந்த வாரியம் அதை விசாரிக்க வேண்டும். மாநில வாரியங்களின் நியமனங்களுக்குத் தகுதி வரையறைகளை ஆறு மாதத்தில் வகுக்குமாறு 2017இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களிடம் சொன்னது. இந்தத் துறையில் படிப்பும் அனுபவமும் உள்ளவர்கள் வாரியத்தில் உட்கார வேண்டும் என்பதே அதன் கவலை. பணம் வசூலிக்கும் அதிகாரம் வந்த பிறகு அந்தக் கவலை இரட்டிப்பாகிறது. குறைந்தபட்சம், மதிப்பீட்டு உத்தரவு ஒவ்வொன்றும் காரணங்களோடு தமிழில், முழுமையாக வெளியாக வேண்டும். காரணம் எழுதிய உத்தரவைப் பசுமைத் தீர்ப்பாயத்தில் ஆலையும் கேள்வி கேட்கலாம், விவசாயியும் கேள்வி கேட்கலாம்.

தொழில் தரப்பிலிருந்து வரும் பதில் எனக்குத் தெரியும். திருப்பூர்க்காரர்கள் இன்று ஒரு சொட்டும் வெளியே விடாத சுத்திகரிப்புக்குக் கோடிகளைக் கொட்டியிருக்கிறார்கள், மேலும் மேலும் சுமை ஏற்றுவது நியாயமா என்பார்கள். 2011க்குப் பிறகு அவர்கள் செய்தது பெரிய காரியம், அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் இந்த அதிகாரம் முறையாக ஓடுகிறவரைத் தொடாது. ஆர்.ஓ. இயந்திரத்துக்கும் ஆவியாக்கும் கொப்பரைக்கும் மின்கட்டணம் கட்டி நேர்மையாக ஓடுகிறவர், பக்கத்துத் தெருவில் இசைவாணையே இல்லாமல் இரவில் சாக்கடையில் விட்டுக் குறைந்த கூலிக்குச் சாயம் போடுகிறவரோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. நிலத்தை அளந்து வசூலித்தால் அந்தப் போட்டி சமமாகும். என் சித்தப்பா மகன் பட்டறை வைத்திருக்கிறான், அவனே இதை என்னிடம் சொன்னான்.

விதி வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதும் இல்லை. நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, இசைவாணை நிபந்தனைகளை எழுதிய பதிவேட்டை வாரியம் வைத்திருக்க வேண்டும் என்றும், பாதிக்கப்பட்ட எவரும் நியாயமான நேரங்களில் அதைப் பார்க்கலாம் என்றும் சொல்கிறது. 49ஆம் பிரிவின்படி, வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சாதாரணக் குடிமகனே நீதித்துறை நடுவரிடம் புகார் கொடுக்கலாம். அப்படிப் புகார் கொடுப்பவர் கேட்டால் வாரியம் தன்னிடமுள்ள அறிக்கைகளைத் தர வேண்டும். பொதுநலனுக்கு விரோதம் என்று காரணம் சொன்னால் மட்டுமே மறுக்க முடியும். என்னிடம் வரும் விவசாயிகளில் அநேகம் பேருக்கு இந்த இரண்டு பிரிவுகளும் தெரியாது. உங்கள் ஓடைக்கு மேலே எத்தனை பட்டறைகளுக்கு இசைவாணை இருக்கிறது, எத்தனை லிட்டருக்கு இருக்கிறது என்று முதலில் அந்தப் பதிவேட்டில் பாருங்கள். நாளைக்கு மதிப்பீட்டு விசாரணை என்று ஒன்று வந்தால் அந்தக் குறிப்புதான் உங்கள் முதல் ஆவணம். கிணற்று நீரைப் போகத்துக்கு ஒருமுறை அரசுப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாததாலேயே எங்கள் தலைமுறை பாதி வழக்கில் தோற்றது.

அரசிடம் கேட்பது இது. இந்த அதிகாரத்துக்கான விதிகளின் வரைவைத் தமிழில் வெளியிட்டு நொய்யல், பாலாறு, காலிங்கராயன் கால்வாய்க் கரை ஊர்களின் கிராம சபைகளில் வையுங்கள். ஆலைச் சங்கங்களுக்குக் கருத்துச் சொல்ல எத்தனை நாள் தருகிறீர்களோ, அத்தனை நாளை அந்தச் சபைகளுக்கும் கொடுங்கள்.